எல்சாவின்ர மருந்துக் கொப்பி

போன கிழமை இரவு பத்து மணி தாண்டி வட்சப்பில ஒரு மெசேஜ் வந்தது. தம்பியோட முந்தி வேலை செய்த பெடியன், இப்ப வவுனியாப் பக்கம் இருக்கிறான். "அக்கா, என்ர நாய் ரிட்டயர் ஆகப்போகுது, கேட்டா எனக்குத் தருவினமாம், எடுக்கட்டோ? மருந்துக்கு மாசம் எவ்வளவு முடியும்?" எண்டு கேட்டிருந்தான். நான் உடன பதில் போடேல்ல. அலுமாரியைத் திறந்து, ரிட்டயர் ஆனாப் பிறகு எங்களிட்ட இருந்த மிதிவெடி நாய் எல்சாவின்ர செலவுக் கொப்பியை எடுத்து வைச்சுக்கொண்டு சாமம் ரெண்டு மணி மட்டும் இருந்திட்டன். வொய்ஸ் மெசேஜில சொல்லி முடியிற விசயமில்லை இது, அதால இஞ்ச எழுதுறன், அவனும் வாசிக்கட்டும், இதே கேள்வியோட வேற ஆக்கள் இருந்தா அவையும் வாசிக்கட்டும்.

நானும் தம்பியும் மிதிவெடி அகற்றுற வேலை செய்தனாங்கள். நான் இரும்பைக் கண்டுபிடிக்கிற டிடெக்டரோட, அவன் நாயோட. முகமாலை, கிளாலி, பளைப் பக்கம் எல்லாம். முகமாலை எண்டா எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 2006 ஓகஸ்டில யாழ்ப்பாணம் போற ஏ9 பாதை பூட்டினது அந்த இடத்திலதான், வருசக்கணக்கா ஆமி, புலி ரெண்டு பக்கத்துப் பொசிசனும் ஒண்டை ஒண்டு பாத்துக்கொண்டு கிடந்த நிலம். ஒரு முழத்துக்கு ஒரு மிதிவெடி எண்ட மாதிரி வரிசையாப் புதைச்சிருந்தது. அதுக்கு மேல செல் துண்டு, ரவைக் கோது, கம்பி, ரின். டிடெக்டரைக் கொண்டுபோய் வைச்சா ஒவ்வொரு அடிக்கும் கத்தும், கத்துற ஒவ்வொண்டையும் குந்தி இருந்து மெதுவாத் தோண்டிப் பாக்க வேணும், நூறில தொண்ணூறு பழைய இரும்பாத்தான் இருக்கும். மறுவளமா ஜொனி எண்ட வகை மிதிவெடி பலகைப் பெட்டியில செய்தது, இரும்பு வலு குறைவு, டிடெக்டர் பெரிசாச் சத்தம் போடாது.

நாய்க்கு இரும்பு கணக்கில்லை. அது மணக்கிறது வெடிமருந்தை. மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் கிடந்து கசியிற மணம் எங்கட மூக்குக்கு ஒண்டுமேயில்லை, அதுக்குத் தெரியும். கயிறு கட்டி அளந்த பெட்டிக்குள்ள நாய் நேர்கோட்டில மூக்கை நிலத்தில வைச்சபடி போகும், வரும், ஒரு அடி தள்ளித் திரும்பப் போகும், ஆள் வெளியில, துப்பரவாக்கின பாதையில நிப்பான். மணம் பிடிச்சா இருந்திடும். சத்தம் போடாது, கிளறாது, இருந்து தன்ர ஆளைத் திரும்பிப் பாக்கும். அதுக்கு ஒரு ரப்பர் பந்து குடுப்பினம். அவ்வளவுதான் கூலி. அதே பெட்டியை இன்னொரு நாய் திரும்பவும் பாக்கும். ரெண்டு நாயும் இல்லையெண்டு சொன்ன நிலத்தில தான் பிறகு மனுசர் கால் வைக்கிறது, நானும் வைச்சிருக்கிறன், எல்சா போய் வந்த நிலத்தில என்ர ரெண்டு காலையும் வைச்சு நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறன்.

எல்சா அல்சேசன். வெளிநாட்டில பழக்கி, சின்ன வயசில இஞ்ச கொண்டு வந்தது. காலமை வெயில் ஏற முந்தித்தான் வேலை, ஏறினா நாய்க்கும் ஏலாது, மணமும் குழம்பும். ஆறு வருசம் தம்பிதான் அவளின்ர ஆள், அவன்ர கலியாணத்துக்குக் கூட ரெண்டு நாள்தான் லீவு எடுத்தவன், வேற ஆள் பிடிச்சா அவள் வடிவாச் செய்யமாட்டாள் எண்டு.

2019 முடிவில அவளுக்கு எட்டு வயசு, பின்னங்கால் கொஞ்சம் இழுக்கிற மாதிரி, இருந்தா எழும்பச் சுணங்கிறாள் எண்டு நிறுவனக்காரர் வேலையால எடுத்தினம். தம்பி கேட்டான், குடுத்தினம். நல்ல மனசோடதான் குடுத்தினம், அதை நான் மறைக்கேல்ல. கழுத்துப் பட்டி, கயிறு, பந்து, தடுப்பூசிக் காட், பிறகு ஒரு கடுதாசி. கடுதாசியில இண்டையில இருந்து சகல செலவும் பொறுப்பும் எடுக்கிறவருடையது எண்டு இருந்தது. தம்பி வாசிக்காமலே கையெழுத்து வைச்சான். வாசிச்சிருந்தாலும் வைச்சிருப்பான், அது வேற கதை.

முதல் ஒரு வருசம் பெரிய செலவில்லை. கொப்பியில 2020 முடியுமட்டும் 38,400 ரூபா தான் இருக்கு, அதில பாதி உண்ணிக் காய்ச்சலுக்கு. உண்ணியால வாற ரத்தக் காய்ச்சல் எங்கட பக்கம் நாயளுக்கு வலு சாதாரணம், ஆனா ரத்தம் சோதிக்க வேணும், டொக்ஸிசைக்கிளின் 28 நாள் விடாமக் குடுக்க வேணும், இடையில நிப்பாட்டினா திரும்ப வரும். விசர் தடுப்பூசி மட்டும் காசில்லாமப் போட்டுக்கொள்ளலாம். மற்றதெல்லாம் காசுதான். அரசாங்க மிருக வைத்தியர் பாத்ததுக்குக் காசு எடுக்கேல்ல, நல்ல மனுசன், ஆனா மருந்தை வெளியிலதான் வாங்க வேணும், எக்ஸ்ரே எண்டா பிரைவேட்.

அம்மா முதல் நாய் வீட்டுக்குள்ள வரக்கூடாது எண்டு நிண்டவா. எங்கட ஊரில நாய் எண்டா முத்தத்தில, படலையடியில, மிஞ்சினா கோடிப்பக்கம். எல்சாவுக்கு எங்கட கதை ஒண்டும் விளங்காது, இங்கிலிசில சொன்னாத்தான் கேப்பாள், அம்மா "இரு பிள்ளை, இரு" எண்டு சொல்லிச் சொல்லி மூண்டு மாசத்தில தமிழ் பழக்கிப்போட்டா. பிறகு விறாந்தையில சாக்கு விரிச்சது, பிறகு சாக்குக்கு மேல அம்மாவின்ர பழைய சீலை.

விடிய அஞ்சரைக்கு எழும்பி எல்சா முத்தத்தில இறங்குவாள். வாசல் படியில இருந்து வேலி மட்டும் மூக்கை நிலத்தில வைச்சுக்கொண்டு நேராப் போவாள், திரும்பி வருவாள், ஒரு அடி தள்ளித் திரும்பவும் போவாள். ஒருத்தரும் சொல்லேல்ல. முத்தம் முழுக்க முடியத்தான் வந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிற தம்பியைப் பாப்பாள், அவன் பந்தைக் குடுப்பான். அம்மா அது முடிஞ்சாப் பிறகுதான் விளக்குமாறு எடுப்பா, "பிள்ளை பாத்து முடிக்கட்டும்" எண்டு.

2021 வைகாசி, ஆனி. கொரோனாவுக்கு நாடு முழுக்கப் பயணத்தடை. எல்சாவுக்கு நோ கூடிப்போச்சு, இரவிரவா முனகிறாள், எழும்பி நிக்கத் தொடை நடுங்குது. டொக்டருக்குப் போன் எடுத்தா லைன் கிடைக்கேல்ல, கிடைச்சிருந்தாலும் அந்த மாசம் கையில காசில்லை, தம்பி அதுக்குள்ள அந்த வேலையை விட்டு ஓட்டோ எடுத்து, ஓட்டோ ஓடவும் ஏலாம லீசிங் கட்டவும் ஏலாம நிண்ட நேரம். அம்மாவுக்கு முழங்கால் நோவுக்கு எழுதின டைக்குளோபெனாக் வீட்டில இருந்தது. மனுசருக்கு நோ குறைக்கிறது நாய்க்கும் குறைக்கும்தானே எண்டு நான்தான் பாதி உடைச்சுப் புட்டுக்குள்ள வைச்சுக் குடுத்தன். மூண்டு நாள். மூண்டாம் நாள் கறுப்பா வயித்தால போனாள், பிறகு ரத்தமாச் சத்தி எடுத்தாள்.

இதை வாசிக்கிற ஆக்கள் தயவு செய்து ஞாபகம் வைச்சிருங்கோ. டைக்குளோபெனாக், ஐபுபுரூபன், பனடோல் ஒண்டும் உங்கட யோசினையில நாய்க்குக் குடுக்காதேங்கோ. வயித்தைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தை, ஈரலை அடிக்கும். நாய்க்கெண்டு இருக்கிற நோ மருந்து வேற, அதையும் நிறை பாத்து, ரத்தம் சோதிச்சுத்தான் டொக்டர் எழுதுவார்.

தப்பீட்டாள். சேலைன், ஊசி, அஞ்சு நாள். பாஸ் எடுத்துப் போய் வந்தது எல்லாம் சேத்து 41,700. ஒரு தரம் டொக்டரிட்டக் காட்டிச் சரியான மருந்து எடுத்திருந்தா ஏழாயிரத்தோட முடிஞ்சிருக்கும், அதோட சிறுநீரகமும் பழுதாகியிருக்காது. காசில்லாத வீட்டில வருத்தம் இப்பிடித்தான் பெருக்கிறது. சின்னச் செலவைத் தள்ளிப்போடுவம், அது பெரிய செலவா வந்து படலையில நிக்கும். அந்த ஒரு விசயத்தை நினைச்சு நான் எத்தினை இரவு அழுதிருக்கிறன் எண்டு அம்மாவுக்குத்தான் தெரியும்.

பிறகு 2022. அந்த வருசத்தைப் பற்றி இலங்கையில இருக்கிற ஆருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எல்சாவின்ர பின்பக்கம் வரவர ஆட்டம் கண்டுது, யாழ்ப்பாணத்தில எடுத்த எக்ஸ்ரேயைப் பாத்த டொக்டர் பேராதனைக்குக் கொண்டு போறது நல்லது எண்டார், மிருக வைத்தியப் பீடம் அங்கதானே இருக்கு. பங்குனி மாசம், டீசலுக்கு லைன், கரண்ட் மணித்தியாலக் கணக்கில நிக்குது. வான்காரன் 58,000 கேட்டான், அவனிலயும் பிழை சொல்லேலாது, அவன் கறுப்பில டீசல் வாங்கித்தான் வந்தவன். என்ர சீட்டுக் காசு அந்த மாசம் விழுந்தது, அதை அப்பிடியே குடுத்தன். ஏ9 பாதை யாழ்ப்பாணத்தில இருந்து கண்டி மட்டும் 321 கிலோமீற்றர். முகமாலை தாண்டேக்க எல்சா பின்சீற்றில படுத்திருந்தவள் தலையைத் தூக்கி யன்னல் இடுக்கில மூக்கை வைச்சாள். தம்பி மற்றப் பக்கம் திரும்பீட்டான்.

பேராதனையில வடிவாப் பாத்தவை. முள்ளந்தண்டு எலும்புகள் ஒண்டோட ஒண்டு பாலம் போட்ட மாதிரி வளந்து, இடுப்படியில நரம்பை நெரிக்குது, அதோட தொடை மூட்டும் தேஞ்சு போச்சு. பெரிய சாதி நாயளுக்கு வாறது, வருசக்கணக்கா ஓடி, பாஞ்சு, வாகனத்தில ஏறி இறங்கின வேலை நாய்க்கு இன்னும் கெதியா வரும். ஒப்பரேசனுக்கு வயசும் சிறுநீரகமும் இடம் குடுக்கேல்ல. கபாபென்டின் எண்ட நரம்பு நோ மருந்து எழுதித் தந்தினம், மனுசருக்குக் குடுக்கிற அதே கப்சூல்தான். முதல் தரம் ஒரு காட் 400க்கு வாங்கின மருந்தை ஆடியில 1,150க்கு வாங்கினன், அதுவும் மூண்டு பார்மசி ஏறி இறங்கி.

இந்த நேரத்தில தான் ஊர்வாய் கூடினது. மனுசருக்கே ஆசுப்பத்திரியில மருந்தில்லை, நீங்கள் நாயை வானில ஏத்திக்கொண்டு கண்டிக்குப் போறியளோ எண்டு. சுவிஸில இருக்கிற எங்கட சித்தப்பா, "நாயைக் குளிப்பாட்டி நடு வீட்டில வைச்சாலும்..." எண்டு தொடங்கினார். நான் அவரோட சண்டை பிடிக்கேல்ல. அந்த முதல் கேள்வி நியாயமான கேள்வி, எனக்கும் அது உறுத்தினது, எங்களோட வேலை செய்து கால் போன பிள்ளைக்கு இண்டைக்கும் ஒழுங்கான செயற்கைக் கால் மாத்தக் காசில்லை, எனக்குத் தெரியும். ஆனா நான் கேக்கிறது, இந்த ரெண்டையும் ஏன் ஒரே உண்டியலுக்குள்ள போட்டு அடிபட விடுறியள் எண்டுதான். எல்சா தெருவில எடுத்த நாயில்லை, ஆசைக்கு வாங்கின நாயுமில்லை. வேலை செய்த ஆள்.

நான் வேலை செய்யேக்க என்ர சம்பளத்தில 8 வீதம் ஈபிஎஃப் எண்ட சேமலாப நிதிக்குப் பிடிப்பினம், நிறுவனக்காரர் தங்கட பக்கத்தால 12 வீதம் போடுவினம், அதைவிட ஈடிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். வேலை விட்டாப் பிறகு அந்தக் காசில தான் நான் வீட்டுக் கூரை போட்டது. எல்சாவும் அதே நிலத்தில, அதே வெயிலில, ஆறு வருசம். அவள் உழைச்சது வரவு செலவில எங்கேயோ கட்டாயம் நிண்டிருக்கும், இத்தினை சதுர மீற்றர் துப்பரவாச்சு எண்டு ரிப்போர்ட்டில போயிருக்கும், வெளிநாட்டுக் காசு அந்த ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் வந்தது. சாப்பாடு, கூடு, மருந்து எல்லாத்துக்கும் பட்ஜெட்டில வரி இருந்தது, வேலை செய்யுமட்டும். வேலை முடிஞ்ச நாளோட அந்த வரியும் முடிஞ்சுது. அவளுக்கு வருத்தம் வரத் தொடங்கிறதே அண்டைக்குத்தான். பில் ஆரிட்ட வருது? அவளில ஆருக்குக் கூடப் பாசமோ அவனிட்ட, அந்தக் கூட்டத்திலயே சம்பளம் குறைஞ்சவனிட்ட.

இது எங்கட நாட்டுப் பிரச்சினை மட்டுமில்லை, நான் தேடித் தேடி வாசிச்சனான். வியட்நாம் யுத்தத்துக்கு அமெரிக்கன் ஆமி ஆயிரக்கணக்கில நாய் கொண்டு போனது, திரும்பி வந்தது ஏறத்தாள 200, மிச்சத்தை மிஞ்சின சாமான் எண்ட கணக்கில விட்டிட்டு வந்திட்டினம், கொல்லவும் செய்தினம். 2000ஆம் ஆண்டு கார்த்திகையில தான் ரிட்டயர் ஆன நாயை வீட்டுக்குக் குடுக்கலாம் எண்டு சட்டம் வந்தது, ராபி எண்ட நாயின்ர பேரில சொல்லுவினம். அந்தச் சட்டம் ராபிக்கே உதவேல்ல, அவனுக்கு மூட்டு வருத்தம் முத்திப்போச்சு, 2001 தொடக்கத்தில நோவில்லாமச் சாக வைக்கிற ஊசி போட்டாச்சு. சட்டம் வந்தும் மருந்துச் செலவு எடுத்தவன்ர தலையிலதான். இந்திய ஆமியில 2015 மட்டும் வேலை செய்ய ஏலாத நாயை ஊசி போட்டு முடிக்கிறதுதான் வழமையா இருந்தது, தகவல் அறியும் சட்டத்தில ஆரோ கேட்டு வெளிய வந்து, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் மாறத் தொடங்கினது.

ஆனா செய்யலாம் எண்டு காட்டினவையும் இருக்கினம். இங்கிலாந்தில நொட்டிங்ஹாம்ஷயர் பொலிஸ் 2013இல தங்கட நாயளுக்கு ஒரு பென்சன் மாதிரித் தொடங்கினது, ரிட்டயர் ஆகி முதல் மூண்டு வருசம் மருந்துச் செலவில ஒரு பங்கு. அமெரிக்காவில புளோரிடா மாநிலத்தில 2022இல சட்டமே போட்டினம். வருசத்துக்கு 3 லட்சம் டொலர் ஒதுக்கி, அஞ்சு வருசமாவது வேலை செய்த பொலிஸ் நாய்க்கு வருசம் 1,500 டொலர் மட்டும் மருந்துச் செலவு திருப்பிக் குடுக்கிறது. நான் அந்தச் சட்டத்தை வாசிச்சது அதே 2022இல, கரண்ட் இல்லாத ஒரு இரவு, போன் வெளிச்சத்தில, பக்கத்தில எல்சா மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கேக்க. டொலர் 360 தாண்டி நிண்ட நேரம். 1,500ஐ 360ஆல பெருக்கிப் பாத்தன். அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம்.

எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. கொப்பியின்ர முழுக் கணக்கு: 2020 முடியுமட்டும் 38,400. 2021இல 96,250. 2022இல 278,000. மொத்தம் 412,650. மூண்டு வருசத்துக்கு. எல்சா வேலை செய்த ஆறு வருசத்திலயும் மாசம் ஆறாயிரம் ரூபா அவளின்ர பேரில ஒரு பேங்க் புத்தகத்தில போட்டிருந்தா 432,000 வந்திருக்கும், வட்டி இல்லாம. ஒரு நாயை வெளிநாட்டில வாங்கி, பழக்கி, பிளேனில கொண்டு வாற காசோட பாத்தா அது ஒரு காசே இல்லை.

அதை விட்டா வேற வழி எண்டு சொல்லுறது ஊசி. நான் ஊசிக்கு எதிரான ஆள் இல்லை. நோ தாங்கேலாத சீவனை வைச்சு இழுக்கிறது பாவம். ஆனா நோ தாங்கேலாமப் போடுற ஊசியும் காசில்லாமப் போடுற ஊசியும் ஒண்டில்லை, ரெண்டும் ஒரே நிறமாத்தான் சிரிஞ்சுக்குள்ள இருக்கும், போட்டிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிற ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். 2022 ஆவணியில ஒருக்கா டொக்டர் கேட்டார். தம்பி காசு யோசிச்சுத் தலையாட்டப் போறான் எண்டு எனக்கு அவன்ர முகத்தில விளங்கினது, நான் வேண்டாம் எண்டன், அண்டைக்கு அவள் சாப்பிட்டவள், வாலாட்டினவள். என்ர காப்பு ஒண்டு அடகுக்குப் போனது. அதுக்குப் பிறகு எங்களுக்கு மூண்டு மாசம் கிடைச்சது.

அந்த மூண்டு மாசம் அம்மாவின்ர சீலையை வயித்துக்குக் கீழால விட்டு, ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தூக்கித்தான் வெளியில கொண்டு போறது. அப்பவும் விடிய முத்தத்தில இறங்க வேணும் எண்டு நிப்பாள். தம்பி ஒரு தலைப்பு, நான் ஒரு தலைப்பு, அவள் மூக்கை நிலத்தில வைச்சுக்கொண்டு முன்னங்காலால நேராப் போவாள். முதல் வேலி மட்டும். பிறகு கிணத்தடி மட்டும். பிறகு தேசி மரம் மட்டும். கடைசிக் கிழமை படியில இருந்து நாலு அடி, திரும்பி நாலு அடி. அம்மா ஒழுங்கை முகப்பு வைரவருக்கு வடைமாலை நேந்தவா, வைரவருக்கு நாய் வாகனம்தானே, தன்ர ஆளை அவர் பாப்பார் எண்டு.

2022 கார்த்திகை ரெண்டாம் கிழமை, சாப்பாட்டையும் தண்ணியையும் விட்டாள், தம்பியின்ர கை வர முகத்தைத் திருப்பினாள். அண்டைக்கு நான்தான் டொக்டருக்குப் போன் எடுத்தன். வீட்டுக்கு வந்தவர். விறாந்தையில, சீலையில. அதுக்கு அவர் காசு வாங்கேல்ல, கொப்பியில அந்தத் திகதிக்கு நேர ஒரு தொகையும் இல்லை. வடைமாலையை அம்மா பிறகும் சாத்தினவா.

வவுனியாத் தம்பி, நீ கேட்ட கேள்விக்கு வாறன். மாசம் எவ்வளவு எண்டு ஒரு கணக்கு இல்லையடா. முதல் வருசம் மாசம் மூவாயிரம் மட்டில போகும், கடைசி வருசம் இருபதாயிரமும் தாண்டும், அதுவும் ஒழுங்கா வராது, ஒரே நாளில வந்து விழும். கையெழுத்து வைக்க முந்தி நிறுவனக்காரரிட்டக் கேள். முழு உடம்பு எக்ஸ்ரே ஒண்டும் ரத்தச் சோதினை ஒண்டும் தங்கட செலவில எடுத்து ரிப்போர்ட்டோட தரச் சொல்லு. இத்தினை வருசம் உன்ர நாய்க்குக் குடுத்த மருந்து, வந்த வருத்தம் எல்லாம் இருக்கிற பைலின்ர பிரதியைக் கேள், எங்களுக்கு அது கிடைக்கேல்ல, ஒவ்வொரு டொக்டரிட்டயும் முதல்ல இருந்து தொடங்கினது. மருந்துச் செலவில ஒரு பங்கு எழுத்தில தருவினமோ எண்டு கேள், இல்லையெண்டுதான் சொல்லுவினம், எண்டாலும் கேள், நீ ஒருத்தன் கேட்டாத்தான் அடுத்த புரொஜெக்ட் எழுதிற ஆளுக்கு இப்பிடி ஒரு வரி தேவை எண்டு தெரியவரும். காசு குடுக்கிற வெளிநாட்டு ஆக்கள் விசிட் வாற நாளில இங்கிலிசு தெரிஞ்ச ஆளை வைச்சு அவைக்கும் சொல்லு.

இவ்வளவையும் நேற்று அவனுக்குப் போனில சொன்னன், கொப்பியின்ர பக்கம் பக்கமாப் படம் எடுத்தும் அனுப்பினன், அறுபத்தி மூண்டு படம். ஒரு மணித்தியாலம் பதில் இல்லை, பயந்திட்டானோ எண்டு நினைச்சன். பிறகு ஒரு படம் வந்தது, வீட்டு வாசல்ல புதுச் சாக்கு ரெண்டு விரிச்சு வைச்சிருந்தவன். "நான் எடுக்கிறன் அக்கா. நாளைக்குப் போய்க் கேக்கிறன்."

தம்பியும் நானும் கதைச்சு, ஆளுக்கு ஆயிரத்தைநூறு போட்டு மாசம் மூவாயிரம் எண்டு முடிவெடுத்தம். அவன்ர பேரில வேண்டாம், நாயின்ர பேரைப் போட்டு ஒரு புதுக் கொப்பி வாங்கச் சொல்லியிருக்கிறன், முதல் பக்கத்தில வரவு எண்டு 3,000 எழுதச் சொல்லி.